நிச்சயதார்த்த மோதிரம்: 'யார்கிட்டயும் இல்லாத டிசைன்' வாங்கும் முன் பில்லில் என்ன பார்க்கணும்?

ஒரு எண்ணிலிருந்து தொடங்கலாம்: 2 கிராம்.

இந்தியாவில் விற்கப்படும் தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் என்பது பலருக்கும் தெரியும். 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது என்பது அவ்வளவாகத் தெரியாது. மூக்குத்திக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் இன்ஸ்டாகிராமில் சேமித்து வைத்திருக்கும் அந்த மெல்லிய மோதிரம், கம்பி மாதிரி ஒரு பட்டை, நடுவில் ஒரே ஒரு குட்டிக் கல், அதுவும் பல நேரம் இந்த எடைக்குள்தான் வந்து நிற்கும். அதாவது, வாழ்க்கையிலேயே அதிகம் யோசித்து வாங்குற மோதிரத்தில் அரசு முத்திரை இல்லாமல் போகலாம். கடைக்காரர் மேல் தப்பும் இருக்காது.

இது ஒரு விலக்கு. இன்னும் சில உண்டு. பட்டை தீட்டாத வைரம் பதிக்கும் போல்கி, குந்தன், ஜடாவ் வகை நகைகளுக்கும் விலக்கு இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குக் கீழே உள்ள சிறிய கடைகளுக்கும் விலக்கு. மெல்லிய மோதிரம், டிசைனர் போல்கி, தெரிந்த ஆசாரியின் சின்னப் பட்டறை... 'எல்லாரும் போடுற மாதிரி வேண்டாம்' என்று நினைப்பவர்கள் போய்ச் சேரும் இடங்கள் இவைதான். மோதிரம் தனித்துவமாக ஆக ஆக, தானாகக் கிடைக்கும் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகிறது. அந்த இடைவெளியை நிரப்புவது நீங்கள் கேட்டு வாங்கும் பில்லும் சான்றிதழும் மட்டும்தான்.

பவுனா, வைரமா?

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க்கில் நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை என்று பல ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊரில் அம்மா அப்பாவுக்கு நகை என்றால் பவுன். கல் வைத்த மோதிரம் என்றாலே 'திருப்பி வித்தா கல்லுக்குக் காசு வராதே' என்பார்கள். (அவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் நிஜம். கணக்கு கீழே வருகிறது.) நம் பக்கத்தில் பல வீடுகளில் நிச்சயம் என்றால் தாம்பூலத் தட்டு மாற்றுவதுதான், மோதிரம் பின்னால் வந்து சேர்ந்தது. கேரளத்திலோ இணையின் பெயர் பொறித்த மோதிரத்தை மாற்றிக்கொள்வது பரவலான வழக்கம். ஆபீஸ் நண்பர்களைப் பார்த்தால் ஒற்றைக்கல் வைரம்.

அந்த ஒற்றைக்கல் வழக்கத்துக்கும் ஒரு வயசு உண்டு. ஆறு பிடிகளில் கல்லைத் தூக்கி நிறுத்தும் வடிவத்தை அமெரிக்காவின் டிஃபனி நிறுவனம் 1886-ல் கொண்டுவந்தது. வைரம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்ற டி பியர்ஸ் விளம்பர வாசகத்தை 1947-ல் எழுதியவர் ஃபிரான்சிஸ் ஜெரட்டி, ஒரு விளம்பர நிறுவன ஊழியர். 'இரண்டு மாசச் சம்பளத்தை மோதிரத்தில் போடணும்' என்பதும் அதே நிறுவனத்தின் விளம்பரம் பரப்பிய கணக்குதான். எந்தப் பாட்டியும் சொல்லிவிட்டுப் போன சம்பிரதாயம் இல்லை. அதனால் பட்ஜெட்டை அங்கிருந்து தொடங்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு மோதிரம், இரண்டு பில்

சாலைக் கம்போளத்தில் வாங்கினாலும் எம்.ஜி. ரோட்டுப் பெரிய ஷோரூமில் வாங்கினாலும் பில்லில் நாலு பகுதிகள் இருக்கும்: தங்கம், கல், கூலி, ஜிஎஸ்டி. தமிழ்நாட்டில் செய்கூலி, சேதாரம் என்று இரண்டாகப் பிரிப்பதை இங்கே 'பணிக்கூலி' என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள். 'சேதாரம் இல்லையா, அப்போ லாபம்' என்று சந்தோஷப்பட வேண்டாம். மொத்த சதவீதத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

கணக்குக்காக, 24 கேரட் தங்கம் கிராம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது இன்றைய விலை இல்லை, கணக்கு எளிதாக வரட்டும் என்று எடுத்த எண். 18 கேரட் என்றால் 75 சதவீதம் தங்கம், எனவே கிராம் 9,000. மோதிரத்தில் 4 கிராம் தங்கம்: 36,000. 30 சென்ட் இயற்கை வைரம் 30,000 என்று வைப்போம். கூலி தங்கத்தின் மேல் 15 சதவீதம்: 5,400. மூன்றும் சேர்ந்து 71,400. 3 சதவீத ஜிஎஸ்டி 2,142. கையிலிருந்து போவது 73,542 ரூபாய்.

மறுநாளே திருப்பிக் கொடுத்தால்? கூலியும் வரியும் போச்சு. தங்கத்துக்கு முழு விலை கொடுத்து, வைரத்துக்குக் கடை 80 சதவீதம் திருப்பித் தருகிறது என்றால் 60,000 வரும், நஷ்டம் 13,542. வைரத்துக்குப் பாதி விலைதான் என்றால் 51,000, நஷ்டம் 22,542.

இப்போது அதே மோதிரத்தில், அதே அளவு லேப் வைரம். கல் விலை 6,000 என்று வைத்தால் மொத்தம் 47,400, வரியோடு 48,822. கல்லுக்குத் திரும்ப ஒன்றுமே கிடைக்காது என்று எடுத்துக்கொண்டாலும் நஷ்டம் 12,822 தான்.

கவனித்தீர்களா? கல்லுக்குச் சுத்தமாக மறுமதிப்பு இல்லாத மோதிரத்தில் நஷ்டம் குறைவு. இயற்கை வைரம் 'மதிப்பு நிலைக்கும்' என்ற வாதம் முழுக்க முழுக்க அந்த 80-ஐயோ 50-ஐயோ நம்பித்தான் நிற்கிறது. அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'பைபேக் எத்தனை சதவீதம்?'. பணமாகத் தருவார்களா, வேறு நகை எடுத்தால்தானா? இந்த விலையிலா, அன்றைய விலையிலா? வாயால் சொல்வது வேண்டாம், பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் தமிழே நம்மை ஏமாற்றும். தங்கத்தின் தூய்மையும் 'கேரட்', கல்லின் எடையும் 'கேரட்'. தங்கத்துக்கு அது 24-ல் எத்தனை பங்கு என்ற கணக்கு. கல்லுக்கு அது எடை: 1 கேரட் 200 மில்லிகிராம், அதையே 100 சென்ட்டாகப் பிரிப்பார்கள். '30 சென்ட்' என்று பில்லில் இருந்தால் அது ஒரே கல்லா, பத்துப் பொடிக் கல்லின் கூட்டுத்தொகையா என்று பாருங்கள். மொத்த எடை ஒன்றுதான், விலை ஒன்றல்ல.

கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும். 30 சென்ட் கல்லில் இது வெறும் 0.06 கிராம், மேலே சொன்ன விலையில் 540 ரூபாய். பெரிதில்லை. ஆனால் 5 கேரட் நீலக்கல் வைத்த மோதிரத்தில் அது 1 கிராம். கழிக்க மறந்தால் 9,000 ரூபாயைக் கல்லுக்குத் தங்க விலையாகக் கொடுத்திருப்பீர்கள்.

ஹால்மார்க் சொல்வதும் சொல்லாததும்

ஹால்மார்க் 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நகையிலும் ஹெச்யூஐடி என்ற ஆறு இலக்க எண் இருக்க வேண்டும், எழுத்தும் எண்ணும் கலந்தது. மோதிரத்தின் உள்பக்கம் மூன்று அடையாளங்கள் தெரியணும்: பிஐஎஸ் முத்திரை, தூய்மை எண், ஹெச்யூஐடி. தூய்மை எண் 22 கேரட்டுக்கு 916, 18-க்கு 750, 14-க்கு 585. 2025-ல் 9 கேரட்டும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது, அதற்கு 375. தங்க விலை ஏறுகிற வேகத்தில் 9 கேரட் மோதிரங்களை இனி அதிகம் பார்ப்போம். தப்பில்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் வேறு உலோகம் என்பதைத் தெரிந்தே வாங்குங்கள்.

'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் எந்த வகை நகை, என்ன தூய்மை, எந்த மையத்தில் சோதித்தார்கள் என்று வரும். கையில் இருப்பது மோதிரம், செயலியில் 'கம்மல்' என்று வந்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம். ஹால்மார்க் கட்டணம் நகைக்கு 45 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இதற்கு மேல் 'ஹால்மார்க் சார்ஜ்' என்று நூற்றுக்கணக்கில் போட்டிருந்தால் கேளுங்கள்.

வாங்கிய பிறகு சந்தேகம் வந்தால், அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் நாலு நகை வரை 200 ரூபாய்க்குச் சோதிக்கலாம். ஹால்மார்க் செய்த நகையில் தூய்மை குறைந்தால், குறைந்த அளவின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்கிறது 2018 பிஐஎஸ் விதிகளின் 49-வது விதி. நம் மோதிரத்தையே எடுத்தால், 18 என்று விற்றது 16 கேரட்தான் என்று வந்தால் கிராமுக்கு 1,000 வித்தியாசம், 4 கிராமுக்கு 4,000, இழப்பீடு 8,000. கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இவ்வளவும் தங்கத்துக்குத்தான். கல்லைப் பற்றி ஹால்மார்க் ஒரு வார்த்தையும் சொல்லாது. '916 முத்திரை இருக்கு சார், கல்லும் ஒரிஜினல்தான்' என்று சொன்னால் முதல் பாதிக்குத்தான் சாட்சி இருக்கிறது.

2 கிராமுக்குக் கீழே என்றால் என்ன வழி? ஒன்று, பட்டையைக் கொஞ்சம் தடிமனாக்கி 2 கிராம் தாண்டச் சொல்வது. மெல்லிய பட்டை தினமும் போட்டால் வளையும் என்பதால் இது எப்படியும் நல்ல யோசனை. இல்லையென்றால், விலக்கு இருந்தாலும் ஹால்மார்க் செய்து தர முடியுமா என்று கேட்பது. அதுவும் முடியாது என்றால் தூய்மையும் நிகர எடையும் பில்லில் எழுத்தில் இருக்கணும்.

லேப் வைரம் போலி வைரமா?

இல்லை. அதுவும் கார்பன்தான், அதே படிக அமைப்புதான். பூமிக்கு அடியில் உருவானதற்குப் பதில் ஆய்வகத்தில் அழுத்தம், வெப்பம் கொடுத்தோ, வாயுவிலிருந்து அடுக்கடுக்காகப் படிய வைத்தோ வளர்த்தது. நாம் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று சொல்லும் சிர்கோனியா வேறு பொருள், அதோடு இதைக் குழப்ப வேண்டாம். கடையில் பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லில் வைத்து 'பீப்' சத்தம் காட்டுவார்களே, அது இயற்கை வைரத்துக்கும் கத்தும், லேப் வைரத்துக்கும் கத்தும். இரண்டையும் பிரிக்க ஆய்வகக் கருவி வேண்டும்.

பிரச்சினை விலையில்தான். டி பியர்ஸ் நிறுவனமே 2018-ல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் லேப் வைர நகைகளை கேரட் 800 டாலருக்கு விற்கத் தொடங்கியது. 2024-ல் விலையை 500 டாலர் வரை இறக்கியது. 2025-ல் அந்தப் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு, வைரங்களைத் தரம் பிரிக்கும் ஜிஐஏ ஆய்வகம், லேப் வைரங்களுக்கு இயற்கை வைரத்துக்குத் தருவது போன்ற நிற, தெளிவுத் தர வரிசையை இனித் தருவதில்லை என்று முடிவெடுத்தது. இந்தியா எதிர்த்திசையில் போகிறது: 2023 பட்ஜெட் அறிவிப்பைத் தொடர்ந்து சென்னை ஐஐடியில் லேப் வைர ஆராய்ச்சிக்கு 5 ஆண்டுகளுக்குச் சுமார் 242 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. உற்பத்தி பெருகினால் விலை இன்னும் இறங்கத்தானே செய்யும்.

என் அபிப்பிராயம்: போட்டு மகிழ லேப் வைரம் தாராளமாக வாங்கலாம். கல்லில் மிச்சமாகும் பணத்தை நல்ல வேலைப்பாட்டுக்குக் கொடுங்கள். 'முதலீடு' என்று யாராவது அதை விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் வெறும் 'வைரம்' என்று மட்டும் எழுதவும் கூடாது. இந்தியத் தர நிர்ணயப்படி அந்தச் சொல் தனியாக நின்றால் இயற்கை வைரம் என்றே பொருள். லேப் என்றால் லேப் என்று எழுதியிருக்கணும்.

வைரமே வேண்டாம் என்றால்

டயானாவுக்கு 1981-ல் போட்ட நிச்சய மோதிரத்தில் இருந்தது 12 கேரட் இலங்கை நீலக்கல். இன்று கேட் மிடில்டன் விரலில் இருப்பதும் அதுதான். நம் வீட்டில் நீலக்கல் என்றதும் 'சனி கல்லு, எல்லாருக்கும் ஒத்துக்காது' என்று ஆரம்பிப்பார்கள். அந்த விவாதத்தை நான் தீர்த்து வைக்க முடியாது. வாங்கிய பிறகு அது வெடிக்காமல் இருக்க, வாங்கும் முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

திருவனந்தபுரத்துக்கே சொந்தமான ஒரு கல் இருக்கிறது என்பது இங்கே வேலை பார்க்கும் பலருக்கே தெரியாது. இந்த மாவட்டத்திலும் கொல்லத்திலும் உள்ள பாறைகளில் கிரிசோபெரில் என்ற கனிமம் கிடைக்கிறது. அதில் பூனைக் கண் போல ஒளிக்கோடு ஓடும் வகைதான் வைடூரியம். பகல் வெளிச்சத்தில் பச்சையாகவும் குண்டு பல்பு வெளிச்சத்தில் சிவப்பாகவும் மாறும் வகை அலெக்சாண்ட்ரைட். யார் விரலிலும் பார்க்காத மோதிரம் வேண்டும் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டு எச்சரிக்கை. 'பூனைக்கண்' என்று விற்பதில் குவார்ட்ஸும் உண்டு, கண்ணாடி இழையும் உண்டு. ஆய்வக அறிக்கையில் 'கிரிசோபெரில்' என்ற சொல் இருந்தால்தான் அது வைடூரியம். இன்னொன்று, பாலோடு பக்கத்துக் காடுகளில் இந்தக் கல்லுக்காகத் திருட்டுத்தனமாகத் தோண்டிய சம்பவங்கள் செய்தியாகியிருக்கின்றன. 'உள்ளூர்க் கல், பில் வேண்டாம், விலை கம்மி' என்று யாராவது நீட்டினால் அது எங்கிருந்து வந்தது என்பதை யோசிக்கணும். வைடூரியம் கேதுவின் கல் என்பதால் ஊரில் இருந்து ஒரு போன் வருவதும் நிச்சயம்.

கல் எதுவானாலும் கடினத்தைப் பாருங்கள். தூசியில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் 7. அதற்குக் கீழே உள்ள எந்தக் கல்லும் தினசரி உபயோகத்தில் கீறல் விழுந்து மங்கும். வைரம் 10, மாணிக்கமும் நீலக்கல்லும் 9, வைடூரியம் 8.5. மரகதம் 7.5-லிருந்து 8, ஆனாலும் உள்ளே வெடிப்புகள் அதிகம், எண்ணெய் ஏற்றி மறைத்திருப்பார்கள், பைக் ஹேண்டில்பாரில் ஒரு தட்டு போதும். ஓப்பலும் முத்தும் காதுக்கு அழகு, தினசரி மோதிரத்துக்கு வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, பாட்டியின் வைரத்தோடு. நம் வீடுகளில் 'ப்ளூ ஜாகர்' என்று பெருமையாகச் சொல்லும் பழைய கற்கள் பீரோவில் தூங்குகின்றன. ஏழு கல் தோடு என்றால் ஒரு கல்லை எடுத்தாலும் மற்றவர்களுக்கு மிச்சம் இருக்கும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் போட்டோ எடுத்து, கழற்றியதும் எடை பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடைத்த பதிப்பில் இருந்த கல்லை வெளியே எடுத்தால்தான் அதன் உண்மையான எடையும் ஓரத்தில் உள்ள சில்லும் தெரியும். கல் மாறிப்போகும் தகராறு எல்லாம் இந்த ஒரு சீட்டு இல்லாததால் வருவதுதான்.

ஆசாரியிடம் செய்வதென்றால்

இங்கிருந்து சுமார் 70 கி.மீ. தூரத்தில் நாகர்கோவில் வடசேரி. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர். அங்கே செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. வெள்ளியில் செய்து, மேலே தங்க ரேக்கு ஒட்டி, சிவப்பு கெம்புக் கல்லைச் சுற்றி விளிம்பு மடக்கிப் பதிப்பது அந்த வேலை. அது தங்க நகை இல்லை என்பதால் தங்க ஹால்மார்க்கும் வராது. ஆனால் விளிம்பு மடக்கும் முறையை 18 கேரட் மோதிரத்துக்குக் கேட்கலாம். துணி, தலைமுடி, லேப்டாப் பை என்று எதிலும் மாட்டாது. டிஃபனி மாதிரித் தூக்கிய பிடிகளைவிட நம் தினசரிக்கு இது பொருத்தம் என்பேன். கேரளத்தின் வடக்கே பையனூரில் செய்யும் பவித்திர மோதிரமும் புவிசார் குறியீடு பெற்றது. சடங்கில் விரலில் போடும் தர்ப்பை முடிச்சின் வடிவம். கல்லே இல்லாமல் ஒரு மோதிரம் எவ்வளவு அழகாக இருக்கலாம் என்பதற்கு அதைப் பாருங்கள். அது வழிபாட்டோடு சேர்ந்தது, விரதமிருந்து செய்வது என்பதால் நிச்சயதார்த்தத்துக்கு என்று நகலெடுக்கச் சொல்வதற்கு முன் யோசிக்கணும்.

தனிப்பட்ட ஆர்டருக்கு முன்பணம் கொடுக்கும் நாளிலேயே சீட்டில் இருக்க வேண்டியவை: எத்தனை கேரட் தங்கம், உத்தேச எடை, அதிகபட்சம் எவ்வளவு கூடலாம், தங்க விலை இன்றையதா டெலிவரி நாளுடையதா, கூலி சதவீதம், கல்லின் சான்றிதழ் எண், பிடிக்காவிட்டால் என்ன என்பது. 22 கேரட் மென்மையானது, கல்லைப் பிடித்து நிற்க 18 நல்லது. வெள்ளைத் தங்கம் கேட்டால் மேலே ரோடியம் பூச்சு இருக்கும். அது தேயும், திரும்பப் பூசணும், அந்தச் செலவு யாருடையது என்றும் கேளுங்கள். ஹால்மார்க்கை நுகர்வோர் நேரே போய்ப் போட முடியாது, பிஐஎஸ் பதிவு பெற்ற நகைக்கடை வழியாகத்தான். ஆசாரி பதிவு பெறாதவர் என்றால், எந்தக் கடை மூலம் முத்திரை போடுவார் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் 'அது கஷ்டம் சாரே' என்றுதான் பதில் வரும்.

அளவு எடுக்கும் நேரம்கூட முக்கியம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் மாலையில் விரல் கொஞ்சம் வீங்கும், காலை ஏசி அறையில் சுருங்கும். இரண்டு நேரமும் அளந்து பாருங்கள். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தைப் பிறகு பெரிதாக்குவது ஏறக்குறைய முடியாத வேலை. சாதாரணப் பட்டையை வெட்டிப் பெரிதாக்கலாம், ஆனால் வெட்டும் இடத்தில்தான் ஹெச்யூஐடி இருக்கிறதா என்று ஆசாரியிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். அதற்கு முன் அந்த உள்பக்கத்தை ஒரு குளோசப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.